திலகவதியார் கேட்ட கேள்வி

சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்துள் திருநாவுக்கரசர் வரலாறு 429 பாடல்களால் விரிந்து கிடப்பது. அவ்விரிவினுள் சூலைநோய்ப் பகுதியை அறியாத தமிழர் அரியர். பள்ளிச் சிறுவனும் அதனை இரண்டே தொடர்களிற் சொல்லிவிடுவான்: சமணம் புக்கிருந்த மருணீக்கியாரைச் சூலை பற்றியது, திருவதிகையில் அவர் பதிகம் பாட, நோய் அகன்றது. இச்சுருக்கம் பிழையன்று. ஆயினும் நோய்க்கும் பதிகத்துக்கும் நடுவே ஓர் இரவு இருந்தது. அவ்விரவிற்கு முன் ஓர் ஏவலாளன் ஊர்விட்டு ஊர் நடந்தான். தமக்கையார் ஒருவர் நந்தவனத்தின் புறத்தே அவனை எதிர்ப்பட்டார். இரவு வந்தபின் பெயரறியாச் சிலர் ஒரு நோயாளிக்குக் கை கொடுத்தனர். சுருக்கத்தில் உதிர்ந்துபோகும் இவ்விடைப்பகுதியே எம் கட்டுரைக்குப் பொருள்.

இப்பகுதியை இரு சமயங்களின் போராட்டமாகவே மேடைகளிற் கேட்டுப் பழகியுள்ளோம். அவ்வாறு கொள்வதற்கு நூலிலேயே நிரம்ப இடமுண்டு. சேக்கிழாரும் தம் சார்பை மறைத்தவர் அல்லர். ஆனால் 12ஆம் நூற்றாண்டில், அனபாயன் எனப்பெற்ற இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அரசியற் பொறுப்பு வகித்த அவர் மக்களின் வீட்டு வாழ்க்கையையும் நன்கு அறிந்தவர். வாதம் செய்யும் சேக்கிழாரைக் காட்டிலும், ஒரு குடும்பத்தைக் கூர்ந்து நோக்கும் சேக்கிழாரே இப்பகுதியில் பெரியவர் என்பது எம் துணிபு.

நோயின் கதை உண்மையில் நோய்க்குப் பல்லாண்டு முன்னரே தொடங்கிவிடுகிறது. திருவாமூரில் புகழனார், மாதினியார் இருவருக்கும் மக்கள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்குத் திலகவதியாரை மணம் பேசுகின்றனர். அவர் போர்மேற் செல்கிறார். அவர் திரும்புமுன் தந்தை மறைகிறார். தாயும் உடன் செல்கிறார். பின்னர்க் கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தியும் வருகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இத்தனை இழப்பையும் சேக்கிழார் சில பாடல்களிலேயே கடந்துவிடுகிறார். நின்று காட்டுவது அடுத்த நிகழ்ச்சியைத்தான். கணவராகக் கருதியவர் பின்னே தாமும் உயிர்விடத் துணிகிறார் தமக்கையார். தம்பியோ அவர் அடிகளில் விழுந்து அழுகிறார். பெற்றோர் போனபின் உம்மை வணங்கலாம் என்றன்றோ யான் உயிர் தரித்தேன், நீரும் போவதாயின் உமக்கு முன்னே யான் போவேன் என்பது அவர் சொல்லின் கருத்து. தம்பி உயிரோடு இருத்தல் வேண்டும் என்னும் இரக்கம் ஒன்றே திலகவதியாரை உலகில் நிறுத்தியது.

இந்நிகழ்ச்சியைத் தமக்கையின் தியாகமாகவே உரைப்பது வழக்கம். தியாகம் என்பதில் ஐயமில்லை. எனினும் அன்று காப்பாற்றப்பட்டவர் யார்? சாவின் வாயிலிலிருந்து மீட்கப்பட்டவர் தமக்கை. மீட்டவர், அழுகையன்றி வேறு கருவி இல்லாத ஒரு சிறுவன். சூலைநோய்ப் பகுதியின் திறவுகோல் இங்கே கிடக்கிறது என்போம். பிற்காலத்தில் தமக்கையார் தம்பியை மீட்டது, முன்பு தம்பி தந்த உயிரைத் திருப்பிக் கொடுத்தது போன்றதே. இவ்விரு மீட்சிகளையும் சேர்த்துப் படியாதவர்க்குப் பின்னதன் ஆழம் புலப்படாது.

தம்பி வளர்ந்தார். பொருளின் நிலையாமை உணர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார். மெய்ந்நெறி எதுவெனத் தேடிப் பாடலிபுத்திரம் சென்று சமணப் பள்ளியிற் சேர்ந்தார். (பாட்னாவில் வாழும் நம்மவர் இதனைத் தம் ஊர் என்று எண்ணிவிட வேண்டா, இன்றைய கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரே இப்பாடலிபுத்திரம் என்பது வழிவழி வந்த கொள்கை.) அங்கே கற்றார், வென்றார், தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். தமக்கையாரோ கெடிலக் கரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அலகிடுதலும் மெழுகுதலும் மலர் தொடுத்தலுமாகத் தொண்டு செய்து வாழ்ந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே இன்றைய சாலைவழி 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவுதான். ஆயினும் தம்பி ஒருமுறையேனும் அவ்வழி வந்ததாகப் புராணம் சொல்லவில்லை. புகழ் நிறைந்த ஊரிலிருந்து பிறந்த வீட்டுக்குள்ள தொலைவைக் கிலோமீட்டரால் அளக்க இயலாது என்பதை, இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்க்கு யாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்நிலையில்தான் நோய் வருகிறது. அது வரும் விரைவைக் காட்டுவதில் சேக்கிழார் தேர்ந்தவர். கடலடித் தீ, கொடிய நஞ்சு, வச்சிரப் படை ஆகிய அனைத்தும் ஒன்று திரண்டாற்போலச் சூலை குடரினுட் புகுந்து குடைகிறது. தருமசேனர் நடுங்கிப் பள்ளியின் அறை ஒன்றில் வீழ்கிறார். தாம் கற்ற மந்திரங்களால் தடுக்க முயல்கிறார், நோய் மேன்மேலும் முடுகுகிறது, மயங்குகிறார். கற்ற கல்வி கைகொடாத அக்கணத்தைப் புலவர் எள்ளலின்றியே சொல்லியிருப்பது கருதத்தக்கது. இச்சூலை இன்றைய மருத்துவத்தில் எந்நோய் என்று ஆராய்வாரும் உளர். அவ்வாராய்ச்சியில் எமக்கு ஆர்வமில்லை. நேற்றுவரை ஊருக்கே தலைவராய் இருந்தவர் இன்று அறையின் தரையில் கிடக்கிறார். அறிய வேண்டுவது அதுவே.

உடனிருந்த முனிவர்களைப் பற்றி ஒரு சொல். அவர்களைச் சேக்கிழார் பிற இடங்களிற் கடுஞ்சொல்லால் அழைக்கிறார். அதனை இக்காலத்தில் யாம் அப்படியே வழிமொழிதல் முறையன்று. ஆயின் நோயறையில் அவர்கள் செய்வதை அவர் மறைக்கவில்லை. திரண்டு வருகின்றனர், மந்திரித்த குண்டிகை நீரைப் பருகுவிக்கின்றனர், மயிற்பீலியால் உடலைத் தடவுகின்றனர், ஒன்றும் பலியாதபோது மனம் உடைந்து, எம்மால் இது போக்க அரிது என்று சொல்லிப் பிரிகின்றனர். மனம் உடைந்து என்பதை யாம் சேர்க்கவில்லை. அது புலவரே தந்தது. தெரிந்த மருத்துவத்தைச் செய்தார்கள். தெரியாததைத் தெரியாது என்றார்கள். அவர்கள்பால் குறையுண்டாயின், அது கைவிட்டுப் போனது. நோயாளியைத் தீர்க்க இயலாதவரும் அவன் அருகில் இருக்க இயலும் அன்றோ?

எல்லாரும் அகன்றபின் எஞ்சியவன் உணவு சமைத்தளிக்கும் ஏவலாளன் ஒருவன். அவனைத் தமக்கையாரிடம் அனுப்புகிறார் தருமசேனர். அனுப்பிய செய்தியின் அமைப்பைக் காண்க. நோய் கொல்லவுமில்லை, தீரவுமில்லை, அனைவரும் கைவிட்டனர், எனக்கு முன் பிறந்தவரிடம் இதனைச் சொல், நான் பிழைக்கும் வழியைக் கேள், இரவாகும் வேளையில் திரும்பி வா. இத்தனையே. தத்துவமில்லை, தன்னிரக்கமில்லை, பிரிந்துபோனதற்குச் சமாதானம் இல்லை. இத்தனை ஆண்டு மறந்திருந்ததற்கு ஒரு மன்னிப்புரையைக்கூடப் புலவர் சேர்க்கவில்லை. அவசரத்தில் வீட்டுக்குச் செல்லும் செய்தி இப்படித்தான் இருக்கும். தருமசேனர் என்ற பெயரே அதில் இல்லை. ‘எனக்கு முன் பிறந்தவர்’ என்ற உறவு மட்டும் இருக்கிறது.

ஏவலாளன் திருவதிகை சேர்ந்து, நந்தவனத்தின் புறத்தே திலகவதியாரைக் கண்டு வணங்கி, உம் இளையவர் ஏவ வந்தேன் என்கிறான். இங்கேதான் சேக்கிழார் எம்மைத் திடுக்கிட வைக்கிறார். இதற்கு முன்பே இறைவன் திலகவதியாரின் கனவில் தோன்றி, கவலை ஒழிக, நின் தம்பியைச் சூலை தந்து ஆட்கொள்வோம் என்று உறுதி அளித்துவிட்டான். நோய் வரும் என்பதும், நன்மையில் முடியும் என்பதும் அவர் முன்னரே அறிந்தவை. எனினும் தம்பியிடமிருந்து ஆள் வந்தான் என்றதும் அவர் வாயில் எழும் முதற்கேள்வி, தீங்கு ஏதும் உண்டோ என்பது! கனவு சொன்னதை ஒரு கணம் மறந்து, தமக்கை என்ற இயல்பே முன்வந்து நிற்கிறது. இறைவன் வாக்கினால் அமைதியுற்ற உள்ளத்திலும் அச்சத்துக்கு ஒரு மூலை உண்டு என்று கண்ட புலவரை என்னென்பது! இதனைப் புராண முரண் என்று சிலர் கூறக்கூடும். எமக்கோ, புராணம் முழுவதிலும் மனித உண்மை மிக்க இடங்களுள் இது ஒன்றாகத் தோன்றுகிறது.

இனி அடுத்த அடியே இடர்ப்பாடு. செய்தி கேட்ட தமக்கையார், யான் அப்பள்ளிக்கு வாரேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். தீங்குண்டோ என்று துடித்தவர், தீங்கு உண்டு என்றறிந்தும் வர மறுப்பதா? கொள்கையுறுதி என்று உரையாளர் போற்றுவர். கதையமைப்பு நோக்கில் மற்றொரு விடையும் உண்டு: அவர் சென்றிருந்தால் தம்பி படுக்கையிலேயே கிடந்திருப்பார், அவர் செல்லாமையால் தம்பி எழ வேண்டியதாயிற்று. இவ்விடை அழகியதே. ஆயினும் குடர் முறுகிக் கிடப்பவனை இரவில் நடக்க வைக்கும் அன்பை முழுமனத்தோடு ஏற்க எம்மால் இயலவில்லை என்பதை ஒளியாமற் சொல்லிவிடுகிறோம். சேக்கிழாருக்கும் இவ்வுறுத்தல் இருந்திருக்கலாம். மறுமொழி கேட்ட தருமசேனர், இதற்கு இனி என் செய்வேன் என்று சோர்ந்ததையும் அவர் விடாமற் பாடியுள்ளார்.

சோர்ந்தவர் எழுகிறார். பாயுடையையும் குண்டிகையையும் பீலியையும் விட்டு, வெண்ணிற ஆடை சுற்றிக்கொண்டு, பிறர் காணாதபடி இருளில் புறப்படுகிறார். தனியே அன்று, ‘கைதருவார்’ மேல் ஊன்றிக்கொண்டு. இந்த ஒரு சொல்லைப் பலமுறை படித்தும் கடந்திருக்கிறோம். யார் இவர்கள்? அதே பள்ளியின் பணியாளரா? அந்த ஏவலாளனும் உடனிருந்தானா? புலவர் சொல்லவில்லை. பெரும்பெயர் பெற்ற முனிவர்கள் அகன்ற பின்னர், பெயரில்லாதவர் சிலர் ஒரு நோயாளியின் பாரத்தைத் தம் தோள்களில் தாங்கி நெடுவழி நடந்தனர். சமய எல்லை அவ்விருளில் அவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

வந்து சேர்ந்தபோதும் நோய் விடவில்லை. அதுவும் உடன் நடந்து வந்ததுபோலவே புலவர் பாடுகிறார். திருமடம் புகுந்து தமக்கையார் அடியில் விழுகிறார் தம்பி. அன்று திருவாமூரிலும் இவ்வாறே அவ்வடிகளில் விழுந்தார் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். அன்று, போகாதீர் என்று கேட்க விழுந்தார். இன்று, கரையேறும் வழி கேட்க விழுகிறார். அறியாது துயர் உழந்தீர், எழுந்திரும் என்கிறார் திலகவதியார். ஏன் போனாய் என்று கேட்கவில்லை. ஐந்தெழுத்தோதித் திருநீறு தருகிறார். பின்னர் வைகறையில் அலகும் மெழுகுசாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தாம் நாள்தோறும் செல்லும் அதே வேளையில், நாள்தோறும் செய்யும் அதே பணிக்குத் தம்பியையும் உடன் அழைத்துச் செல்கிறார். நோயாளிக்கெனத் தனிச் சடங்கு ஒன்றும் இல்லை. வீட்டின் அன்றாட ஒழுங்குக்குள் அவரை மெல்லச் சேர்த்துக்கொள்கிறார். நெடுநோயினின்று மீண்டவர்க்கு, வீட்டார் வழக்கம்போல் வாயில் தெளிக்கும் ஓசை எவ்வளவு பெரிய மருந்து என்பது தெரியும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்யும் உழைச்செல்வான். சரகர் நூலும் இந்நான்கையே மருத்துவத்தின் நான்கு பாதங்கள் என்னும். பரிமேலழகர் ஒவ்வொன்றையும் மேலும் நந்நான்காக வகுக்கும்போது, உழைச்செல்வானுக்கு முதலில் வைப்பது நோயாளிமேல் அன்புடைமை. அதனுடன் மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை ஆகியனவும் வரும். இவை திலகவதியாருக்கு எழுதிய இலக்கணம் போல் உள்ளன. நோயுற்றவனுக்கு அவர் கூறும் நான்கனுள் ஒன்று எம்மை மிகவும் சிந்திக்கச் செய்தது: தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் வன்மை. நோயாளிக்கு இப்படி ஒரு கடமை உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

நாவுக்கரசரின் முதற்பதிகத்தை இவ்விளக்கோடு படித்தல் நலம். அது பக்திப் பனுவலாவதற்கு முன் ஒரு நோயாளியின் வாக்குமூலம். வயிற்றின் உள்ளே குடர் முறுக்குண்டு கட்டப்படுவதையும், வியர்த்துப் புரண்டு விழுந்தெழுவதையும் அப்படியே சொல்கிறார். பொறுக்க மாட்டேன் என்று சொல்ல அவர் நாணவில்லை. தமிழில் உடல்வலியை இத்துணை நேராகப் பேசிய பாடல்கள் அதற்கு முன் மிகுதியாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. சங்கப் பாடல்களில் நோய் என்பது பெரும்பாலும் காதல் நோயே. வளை கழலும், பசலை பாயும், வயிறு வலிக்காது!

பாண்டியன் நெடுமாறனின் வெப்புநோயும் இதே நூலில் வருவதே. அங்கும் மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் ஆற்றாது வருந்துகின்றனர். சம்பந்தரை அழைக்க வழிசெய்கின்றனர். ஆயின் அங்கே அரசன் உடலின் இடப்பாகம் ஒரு சாரார்க்கும் வலப்பாகம் சம்பந்தர்க்கும் என நோய் போட்டிக்களம் ஆகிவிடுகிறது. நாடகச்சுவை மிகுந்த பகுதிதான். எனினும் எரியும் உடலுக்குரியவன் என்ன உணர்ந்தான் என்பது ஆரவாரத்தில் அமுங்கிவிடுகிறது. திருவதிகை மடத்தில் பார்வையாளர் இல்லை. அதனாலேயே அது உயர்ந்தது.

இவற்றினும் எமக்கு நெருக்கமான ஒப்பீடு அப்பூதியடிகள் வரலாறு. திங்களூரில் நாவுக்கரசருக்கு விருந்து சமைக்கின்றனர். வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டுகிறது. சொன்னால் விருந்து தடைப்படும் என்று அச்சிறுவன் எவரிடமும் சொல்லாமல் ஓடிவந்து, இலையைத் தாய் கையிற் கொடுத்து வீழ்கிறான். பெற்றோரும் உடலை மறைத்துவிட்டு முகமலர்ச்சியோடு விருந்தினரை அமர்த்துகின்றனர். திருநீறு அளிக்க மூத்த மகனை நாவுக்கரசர் கேட்க, அவன் இப்போது இங்கு உதவான் என்கிறார் தந்தை. அச்சொல் கேட்டதும் நாவுக்கரசர் உள்ளத்தில் ஒரு தடுமாற்றம் எழுகிறது. உண்மையை உரைக்க வற்புறுத்துகிறார். பதிகம் பாடப்படுகிறது, மகன் எழுகிறான். பெற்றோர்க்கோ அப்போதும், விருந்தினர் இன்னும் அமுது செய்யவில்லையே என்பதே வருத்தம்! மறைத்தலை விருந்தோம்பலின் சிகரமாகப் போற்றுவர். நாவுக்கரசர் அதனைப் போற்றியதாக எமக்குத் தோன்றவில்லை. வலி வந்தபோது ஆள் அனுப்பி உயிர் பெற்றவர் அவர். மறைக்கும் வீட்டின் அமைதி அவருக்கு உடனே பிடிபட்டதில் வியப்பென்ன?

இப்பகுதியை யாம் இவ்வாறு படிக்கத் தொடங்கியது 2017ஆம் ஆண்டுக்குப் பிறகே. அவ்வாண்டு டிசம்பரில், தில்லிக் குளிரில், ஓர் இரவு எமக்கு நெஞ்சில் வலி கண்டது. அஜீரணம் என்று சொல்லி இரண்டு மணி நேரத்தை வீணாக்கினோம். வீட்டார் அதை ஏற்காமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட, அங்கிருந்த சர்தார்ஜியும் அவர் மகனும் மூன்று மாடிப் படிகளில் எம்மைத் தாங்கி இறக்கித் தம் காரிலேயே கொண்டுசென்றனர். (லிப்ட் இல்லாத வீடு, கைதருவார் என்ற சொல்லின் பொருள் அன்று விளங்கிற்று.) இரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தனர், பிழைத்தோம். கண் விழித்ததும் யாம் இட்ட முதற்கட்டளை, ஊரில் அக்காவுக்குச் சொல்ல வேண்டா என்பது. எழுபது வயது, தனியே இருப்பவர், பதறிப்போவார் என்பன யாம் சொல்லிக்கொண்ட காரணங்கள். வெளியூர் வாழும் நம் குடும்பங்களில் இது கிட்டத்தட்ட ஒரு சட்டம். கடிதக் காலத்தில் ‘இங்கு அனைவரும் நலம்’ என்று எழுதினோம். இன்று கைப்பேசியில் அதையே சொல்கிறோம்.

பன்னிரண்டு நாள் கழித்து உறவினர் ஒருவர் வாயிலாகச் செய்தி கசிந்தது. அக்கா தொலைபேசியில் அழைத்தார். எடுத்தவுடன், ‘தம்பி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?’ என்றார். எல்லாம் தெரிந்தபின் கேட்ட கேள்வி அது! பிறகே கோபம் வந்தது, அது நீண்டது. சென்னைக்கு வடக்கே ஒருநாளும் வந்தறியாதவர், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து, கம்பளிக்குள் ஒடுங்கியபடி புதுதில்லி நிலையத்தில் இறங்கினார். வந்த அன்று மாலையே எம் துணைவியாரோடு உப்பில்லா ரசத்தைப் பற்றி வழக்காடத் தொடங்கிவிட்டார். மாத்திரைப் பெட்டி துணைவியார் கையில், காலை நடை அக்கா கையில் என்று இரண்டாம் வாரத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. முதல் நாள் தெருமுனை வரை, பிறகு பால் பூத்து, பிறகு பூங்கா. அவர் முன்னே நடப்பார், திரும்பிப் பார்க்க மாட்டார். எம் காலடி ஓசை நின்றால் மட்டும் நிற்பார். திலகவதியார் வர மறுத்ததன் பொருள் அந்த நடைகளில் ஓரளவு விளங்கியது என்றாலும், மேலே சொன்ன எம் உறுத்தல் முற்றும் தீர்ந்துவிடவில்லை.

இரண்டு மாதம் இருந்து ஊர் திரும்பினார். இப்போது ஞாயிறுதோறும் காலையில் அழைக்கிறார், முதற்கேள்வி மாறவில்லை. மூச்சு வாங்கினால் மூச்சு வாங்குகிறது என்றே சொல்லிவிடுகிறோம். அவரும் தம் முழங்கால் வலியை எம்மிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறார்.